கனக்காத சட்டி

அந்த அக்காவுக்கு எதையும் சும்மா கொடுத்துவிட முடியாது. கொடுக்கலாம் என்று நாம் மனதில் நினைப்பதற்குள் அவர் கையிலிருந்து ஏதாவது ஒன்று நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவின் கடைசியில், வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீடு அவருடையது. நோன்பு மாதத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அம்மா கஞ்சி கொடுத்துவிடுவார். வாங்கியவர்கள் மறுநாள் பாத்திரத்தைக் கழுவி, வெறுமனே தரக் கூடாதென்று கொஞ்சம் சீனியோ நாலு முருங்கைக்காயோ போட்டுத் தருவார்கள். அதுதான் வழக்கம். இந்த அக்கா மட்டும், பிறை தெரிந்த மறுநாள் காலையிலேயே ஒரு தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சம்பழமோ கீரையோ அனுப்பிவிடுவார். அந்தச் சட்டியில்தான் நாங்கள் கஞ்சி ஊற்றி அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு எரிச்சலாக வரும்.

"ஏன்டா, இவளுக்கு நாம மொதல்ல குடுக்கவே முடியாதாடா? எப்பப் பாத்தாலும் நாமதான் திருப்பிக் குடுக்குற மாதிரி ஆகிப்போகுது!"

அக்காவிடமே இதை ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "வாங்கிட்டுக் குடுக்குறது யாவாரம் தம்பி. அதுக்குக் கடைவீதி இருக்குல்ல?" என்றார்.

எனக்குக் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை. ஊர் வம்பையெல்லாம் அடித்து அடித்து எனக்கும் நாக்கு கொஞ்சம் நீளம். யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். அக்காவோ என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். விடியும் முன்னே வரும் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவார். அந்த ஜீப்புகளைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி. அதற்குள் சோற்று வாளிகள் வேறு.

ஒருமுறை மழையில் நனைந்து காய்ச்சலோடு படுத்திருந்தார். மலையில் மழைக்குப் போர்த்திக்கொள்கிற பிளாஸ்டிக் தாளை, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். தெருவே பேசிக்கொண்டது. மாத்திரை வாங்கிக்கொண்டு போன நான் சும்மா இருக்கவில்லை. "ஒங்க தாளை அந்தப் புள்ளைக்குத் தூக்கிக் குடுத்தீங்க, இப்பக் காய்ச்சல வாங்கிட்டு வந்துட்டீங்க" என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. என்மேல் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவ அந்தப் பேச்சு பேசாத. குடுத்தத வாயால சொல்லிட்டா அது குடுத்ததே இல்ல. புடுங்கிக்கிறது."

அடேயப்பா, ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு இவ்வளவா என்று நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அவர் விழுந்தது ஒரு ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாள். பச்சை ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து, சரிவில் ஜீப் நிற்கும் இடத்துக்கு இறங்கி வரும்போது கால் சறுக்கிவிட்டது. மூட்டையைக் கீழே விடவில்லை. விட்டிருந்தால் கையை ஊன்றித் தப்பித்திருக்கலாம். தலைச்சுமையோடு உட்கார்ந்த வாக்கில் ஒரு மரக்கட்டைமேல் போய் விழுந்தார். முதுகுக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டதாம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் கொடுமை. சாயந்திரம் எல்லோரும் ஜீப்பில் ஏறியாகிவிட்டது. "படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போவோம், நாலு பேரு எறங்குங்கடி" என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அவர்தான் ஆட்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் படுத்தா நாலு பேரு இந்த மழையில நிக்கணும். நான் உக்காந்தே வந்துருவேன்" என்று சொல்லி, அந்த நெரிசலுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, மெட்டு வளைவுகள் அத்தனையிலும் குலுங்கிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு முனகல் இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண்ணே, "ஒண்ணுமில்ல போலன்னுதான் நெனச்சோம்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். "இந்த இடுப்போட ஜீப்புல உக்கார வச்சா கூட்டிட்டு வந்தீங்க? எலும்பு நொறுங்கி உள்ள நரம்ப அமுக்குது. பிளேட் வச்சு ஆபரேஷன் பண்ணணும். லேட் பண்ணா கால் போயிரும், அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன செலவு அந்த வீட்டை விற்றாலும் காணாது. வாய்க்கால் புறம்போக்கு வீட்டை யார் வாங்குவார்கள்? ஆக, ஒரே வழிதான் இருந்தது. வேலை செய்யும்போது அடிபட்டவருக்குத் தோட்டக்காரர் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது வந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் நடந்தால் கால். கேஸ் போட்டோம். மனுவை நான்தான் அடித்தேன். விழுந்த கதையைச் சொல்லச் சொன்னால், "வழுக்கிருச்சு தம்பி, அவ்வளவுதான்" என்பதற்கு மேல் ஒரு வரி வாங்க முடியவில்லை. நான் எத்தனையோ பேருக்கு மனு அடித்திருக்கிறேன். இல்லாத வலியையெல்லாம் ஒரு பக்கத்துக்குச் சொல்கிறவர்கள் உண்டு. இவருக்கு இருக்கிற வலியைச் சொல்ல வாய் வரவில்லை.

கேஸ் மதுரை லேபர் ஆபீஸில். வாய்தாவுக்கு வாய்தா நானும் கூடப் போவேன், மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்ததால். அக்கா வெறும் கையோடு பஸ் ஏறியதே இல்லை. வக்கீலுக்குக் கொய்யாப்பழம், அவருடைய குமாஸ்தாவுக்குத் திராட்சை. ஒருநாள் எதிர்க்கட்சி வக்கீலின் குமாஸ்தாவிடமும் ஒரு பையை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அக்கா, அந்தாளு நம்மளுக்கு எதிரி!"

"எதிரின்னா பழம் திங்க மாட்டாகளா? நம்மளக் கூப்புடும்போது 'அம்மா வாங்க'ன்னு எவ்வளவு மருவாதியாக் கூப்புட்டாக."

தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே போட்டிருந்த பெஞ்சிலும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். யாராவது வயதானவர் வந்துவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து இடம் விடுவார். எங்கள் வக்கீல் பார்த்துவிட்டு ஓடி வருவார். "ஏம்மா, நீங்க நடக்க முடியாதவங்கன்னு நான் உள்ள வாதாடிக்கிட்டு இருக்கேன், நீங்க வெளிய நின்னு எடம் குடுத்துக்கிட்டு இருக்கீங்க! உக்காருங்கம்மா!" அக்கா உட்காருவார். வக்கீல் உள்ளே போனதும் எழுந்துகொள்வார்.

தோட்டத்துத் தரப்பு, அவர் அங்கே வேலை செய்ததையும் விழுந்ததையும் மறுக்கவில்லை. சாதாரண அடி, ஆறிப்போய்விட்டது, இப்போது நன்றாக இருக்கிறார் என்பதுதான் அவர்கள் வாதம். வாய்தா தள்ளித் தள்ளிப் போனது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்து வரும்போது பார்த்தேன், அக்காவின் இடது காலில் செருப்பு இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி, வந்த வழியெல்லாம் ரத்தம். "அக்கா, காலு!" என்று கத்தினேன். குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்றார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கேஸ் முந்துமா, கால் முந்துமா என்று அதன்பிறகு எனக்குத் தூக்கம் போனது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. எங்கள் பள்ளத்தாக்கில் சித்திரை வந்தால் வேறு பேச்சே கிடையாது. கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் ஆற்றில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைக் கையில் வைத்து, அதன்மேல் எரிகிற சட்டியை ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். நினைத்தது நடந்த பிறகு எடுப்பதுதான் எல்லோருடைய வழக்கமும். நோய் தீர்ந்தால் எடுக்கிறேன், பிள்ளை பிறந்தால் எடுக்கிறேன் என்றுதான் வேண்டுவார்கள்.

அக்கா இந்த வருஷமே எடுக்கப் போகிறேன் என்றார்.

"கேஸு முடியட்டும்க்கா. ஜெயிச்சு, ஆபரேஷனும் முடிஞ்சு, நல்ல காலோட போயி எடுங்க. நானே கூட வர்றேன்."

"ஜெயிச்சாத்தான் எடுப்பேன்னு ஆத்தாகிட்டயே பேரம் பேசச் சொல்றியா? மொதல்ல நான் குடுத்துர்றேன். அவ குடுக்கும்போது குடுக்கட்டும்."

"இந்த இடுப்போட எப்படிக்கா நடப்பீங்க?"

"அவ நடக்க வப்பா."

இதற்குமேல் என்ன பேசுவது? எங்கள் வீட்டில் நேர்ச்சை செய்கிறவர்களும் உண்டு, எனக்கு அந்த மனசு புரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவரைக் கட்டிப்போட்டிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருவிழாவை லோக்கல் கேபிளில் நாள் முழுக்கப் போட்டார்கள். அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா, இங்கன வாடா! நம்ம புள்ளைடா!" ஓடிப்போய்ப் பார்த்தேன். டிவியில் அக்கா. கூட்டத்துக்கு நடுவே, எரிகிற சட்டியை ஏந்தி, நிமிர்ந்து, ஒரு கோணல் இல்லாமல் நடந்து வந்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு தெளிவு. கேமராக்காரன் அந்த முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருந்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிவியில் தெரியாததை மகள் சொன்னாள். பழைய சேலையைக் கிழித்து இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தார்களாம். மகள் பின்னாலேயே நடந்து அந்தக் கட்டைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சட்டியைக் கோயிலில் இறக்கிய அடுத்த நிமிஷம் அக்கா அப்படியே மடங்கி விழுந்துவிட்டார். வேனில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். சித்திரை போய், வைகாசி போய், ஆனி பிறக்கும் வரைக்கும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பெட்பேனை மகள் எடுத்துக் கொட்டினாள். அத்தோடு அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அம்மா ஏறிய அதே ஜீப்பில் மலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அடுத்த வாய்தாவுக்கு அக்காவை வாடகைக் காரில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். அங்கே எதிர்க்கட்சி வக்கீல் ஒரு சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கேபிள்காரரிடம் வாங்கியது. ஆபீஸ் அறைக்குள் டிவியைக் கொண்டுவந்து வைத்துப் போட்டார்கள். நடக்க முடியாது என்று மனுப் போட்ட பெண், தீச்சட்டி ஏந்தி நடந்து வருகிறார். அறையில் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வக்கீல் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்து கெஞ்சினார். "அம்மா, ஒண்ணும் மறைக்க வேண்டாம். நடந்தேன், ஆனா வலி தாங்க முடியல, இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தேன், மக பிடிச்சுக்கிட்டு வந்தா, அப்புறம் படுத்த படுக்கையாயிட்டேன். உண்மையத்தான் சொல்லச் சொல்றேன். வலிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

கேஸை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எதிர்க்கட்சி வக்கீல் கேட்டு முடித்த பிறகு, அவரே குனிந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, சட்டியத் தூக்கிட்டு நடந்தப்ப இடுப்பு வலிச்சிருக்குமே? பயப்படாமச் சொல்லுங்க."

அக்கா கையைக் கூப்பினார். "இல்லய்யா."

"கொஞ்சங்கூடவா வலிக்கல?"

"ஆத்தா சட்டி கனக்குமாய்யா? பூ மாதிரி இருந்துச்சு."

அதிகாரி அந்த வார்த்தையை அப்படியே எழுதினார். எங்கள் வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். ஆபீஸ் வாசல் என்றும் பார்க்கவில்லை. "ஒரு வார்த்தைக்கா! ஒரே ஒரு வார்த்தை! ஒங்க காலு போகுதுக்கா! வலிச்சுச்சா இல்லையா, என்கிட்டயாச்சும் சொல்லுங்க!"

காரின் பின்சீட்டில் படுத்திருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்குக் குடுத்துட்டேன் தம்பி. இப்பப் போயி வலிச்சுச்சுன்னு சொன்னா, குடுத்தத அவ கையிலருந்து புடுங்குற மாதிரில்ல?"

நான் கார் கதவை அறைந்து சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.

தீர்ப்பு வந்தது. நிரந்தர ஊனம் என்பது நிரூபிக்கப்படவில்லை, சிகிச்சையில் இருந்த காலத்துக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் கொடுக்கலாம் என்று. அது அவர் படுத்திருந்த மாதங்களின் மருந்துக்கே சரியாகப் போயிற்று. அப்பீல் போகலாம் என்றார் வக்கீல். போவதற்குள் இடது கால் முழுசாக விழுந்துவிட்டது. பின்னாலேயே வலது காலும். மறுபடி அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் காலைக் கிள்ளிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், இனிமேல் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா அவருக்கு என்று கொண்டுபோயிருந்த கொய்யாப்பழத்தை நான்தான் மேஜைமேல் வைத்தேன்.

அதன்பிறகு சில வருஷங்கள் அந்த வீட்டில் ஒரு நார்க்கட்டில்தான் அவருக்கு உலகம். முதுகில் படுக்கைப்புண் வந்து ஆறி, மறுபடி வரும். நோன்பு மாதத்தில் அம்மா கஞ்சி அனுப்புவார். அக்கா வாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து எதுவும் வராது. கடைசியில் அம்மாவின் ஆசைப்படி நாங்களே முதலில் கொடுக்கிற காலம் வந்துவிட்டது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

ஒருநாள் மகள் என் கடைக்கு வந்தாள். "அம்மா அந்த சிடியக் கேக்குது மாமா. ஒங்ககிட்ட இருக்குமான்னு கேட்டு வரச் சொல்லுச்சு."

வக்கீல் திருப்பிக் கொடுத்த கேஸ் காகிதக் கட்டுக்குள் அதன் நகல் ஒன்று கிடந்தது. தேடி எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டில் கவர்மெண்ட் கொடுத்த டிவி இருந்தது. பக்கத்து வீட்டில் பிளேயர் வாங்கி மாட்டினேன். நல்ல மத்தியான வெயில். வெளிச்சம் பட்டுத் திரை தெரியாததால் மகள் கதவைச் சாத்தினாள். அக்கா தலையணையை முட்டுக்கொடுத்துத் தலையை மட்டும் தூக்கிக்கொண்டார்.

"இதை எதுக்குக்கா பாக்கணும்?"

"நான் நடக்குறது அதுல மட்டுந்தான தம்பி இருக்கு."

போட்டேன். ஆற்றங்கரை, மேளம், கூட்டம். பிறகு அவர். எவ்வளவு அழகாக நடந்தார்! மகள் தன் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து மேடேறுகிற இடம் வந்ததும் அக்கா கையை நீட்டினார்.

"இந்தா, இந்த எடம். இங்கனதான் தம்பி. கடப்பாரையச் செருகித் திருகுன மாதிரி இருந்துச்சு. அம்மாடி, என்னா வலி! சட்டியப் போட்டுட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு. வலிதான். மொதல் அடியிலருந்து வலிதான்."

திட்டுவதற்கு வாயெடுத்தவன், பாதியில் அழுதுவிட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? ஒரு வார்த்தை..."

"அன்னைக்கு ஆத்தா என் பக்கத்துல நிக்கிறான்னு நெனச்சேன். அவ காதுல விழுந்துரக் கூடாதேன்னு சொல்லல."

"இப்ப?"

"இப்பத்தான் யாரும் நிக்கலையே தம்பி."

திரையில் வேறு யாரோ சட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். மகள் எழுந்து நிறுத்தப் போனாள்.

"இருடி. தம்பி, நான் வர்ற எடத்துலருந்து திரும்பப் போடு" என்றார் அக்கா.

போட்டேன்.